லூசேரோ ஆடிய பதினோரு விநாடி

கறுப்பு வெல்வெட் சட்டையின் கழுத்தில் லூசேரோவின் தலை மாட்டிக்கொண்டது. ஜோவானா ஒருபுறமும் வான்மதி மறுபுறமும் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார்கள். சட்டை இடுப்போடு நின்றது. உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்கள், எல்லாம் பட்டு நூல் வேலை. கீழே தரை தொடும் பாவாடை. அதன் ஓரத்தில் கஞ்சி போட்டு மடிப்பெடுத்த வெள்ளை லேஸ், அலை நுரைபோல. தெற்கு மெக்சிகோவில் லூசேரோ பிறந்த சபோடெக் பழங்குடி ஊரில் பெண்கள் விசேஷத்துக்கு உடுத்துவது. ஆணாகப் பிறந்து பெண்ணுடையில் வாழ்கிறவர்களை அங்கே முஷே என்பார்கள். எழுபத்தோரு வயது லூசேரோ அப்படி ஒருவர். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இவர்களுக்குப் பக்கத்து வீடு.

அந்தச் சனிக்கிழமை மதியம் டவுன்டவுன் தியேட்டரில் ஒரு பழைய படம். ஆணை நேசித்த ஓர் ஆணின் கதை. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன் எடுத்து, தொலைந்துபோய், யாருடைய கொட்டகையிலோ கிடைத்தது. அதன் திருவிழாக் காட்சியில் பத்தொன்பது வயது லூசேரோ ஆடுகிறாராம். அவர் அதைப் பார்த்ததே இல்லை.

"நீயும் வா," என்றாள் ஜோவானா.

"உங்க மாதா கோயில் ஆளுக யாராச்சும் வந்தா மறுபடி என்னை ரூம்மேட்டுன்னு சொல்லுவ. அதை இன்னொருக்கா என்னால கேக்க முடியாது," என்றாள் வான்மதி.

பதினான்கு வருஷமாக ஒரே வீடு, ஒரே படுக்கை. ஜோவானா குனிந்து பாவாடை லேஸைச் சரிசெய்தாள். ஆனாலும் லூசேரோ கை நீட்டியபோது வான்மதி பிடித்துக்கொண்டு காரில் ஏறினாள்.

இருட்டில் படம் பனி விழுவதுபோல் புள்ளி புள்ளியாக ஓடியது. திடீரென்று ஒரு மெலிந்த உடல் வெல்வெட்டும் லேஸுமாகச் சுழன்றது. பாவாடை விரிந்து திரை முழுக்க வெண்மையானது. பின்னால் மெழுகுவர்த்தியோடு ஓர் இளைஞன். சுற்றிலும் அத்தனை பேர் ஆட, அவன் கண் லூசேரோவை விட்டு அகலவில்லை. பதினோரு விநாடி. முடிந்துவிட்டது.

"அவன் என்னையா பார்த்துக்கொண்டிருந்தான்?" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார் லூசேரோ. "எனக்குத் தெரியாதே. அவனும் சொல்லவில்லையே."

அதன்பிறகு ஜோவானாவுக்குப் படம் தெரியவில்லை. பக்கத்தில் வான்மதியின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்தால் பெனிஷ். ஜோவானா போகும் மாதா கோயிலின் பாடகர் குழுவில் பாடுகிறவன். அடுத்த அரங்கில் மகளுக்குக் கார்ட்டூன் காட்ட வந்திருந்தான்.

"ஜோவானாக்கா! படத்துக்கு வந்தியளா? இவங்க யாரு?" என்று வான்மதியைப் பார்த்தான்.

வான்மதி அதற்குள் இரண்டடி தள்ளிப் போயிருந்தாள். பழகிப்போன இரண்டடி. ஜோவானா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வான்மதி. எனக்க வீட்டுக்காரி."

பெனிஷின் மகள் பெரியவர்களைப் பார்க்கவில்லை. லூசேரோவின் பூக்களையே அண்ணாந்து பார்த்து, "டாடி, ஷி இஸ் சோ ப்ரிட்டி," என்றாள்.

"சரிக்கா... நாளைக்குப் பூசைக்கு வருவியள்லா?" என்றான் பெனிஷ். அழைப்பா, எச்சரிக்கையா, அவன் முகத்தில் படிக்க முடியவில்லை.

காரில் வான்மதி முன்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. ஃப்ரீவேயில் ஏறியதும் பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. ஜோவானா கண்ணாடியில் பார்த்தாள். பின்கதவில் சிக்கிய லூசேரோவின் பாவாடை லேஸ் ஒரு முழத்துக்கு வெளியே வந்து, மாலை வெயிலில், வெள்ளையாக அடித்துக்கொண்டு பறந்தது.