மூச்சைப் பிடித்து நிற்பது

சாப்பாட்டு மேசையை ஓரமாக நகர்த்திவிட்டு என்னை நடுவில் நிற்கவைத்திருந்தாள் என் மனைவி. மறுநாள் காலை அவளுக்குத் தேர்வு. எக்ஸ்ரே எடுப்பது கைவந்த வேலைதான். ஆனால் நாங்கள் பிழைக்க வந்த ஊரில் நோயாளிகள் பேசுவது ஸ்பானிஷ். அவர்களை நிற்கவும் திரும்பவும் அந்த மொழியில் சொல்லத் தெரியாவிட்டால் வேலை இல்லை. ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். இதிலும் தவறினால் இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

"மரியாதையாச் சொல்லணும்னா, 'ஆர்'னு முடியிறதுக்கு 'ஏ' வரும். 'ஏர்', 'இர்'னு முடிஞ்சா 'ஆ'," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "லெவந்தார், லெவந்தே. தூக்குங்க. அப்ரிர், அப்ரா. திறங்க."

மோவாயைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வந்திருந்த கொழுந்தியாள் சிரித்தாள். "அக்கா, பாஸாகிறது நீயில்ல, மாமாதான். நீ வாயத் திறக்கிறதுக்குள்ள உன் கண்ணப் பாத்தே செஞ்சுடறாரு. நாளைக்கு நீ எக்ஸ்ரே தடுப்புக்குப் பின்னாலதானே நிப்ப, உன் கண்ணு எப்படித் தெரியும்?"

எங்களுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் என்னிடம் எதையும் செய் என்று சொன்னதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைப் பார்ப்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன்.

"சுவரப் பாத்து நில்லுங்க," என்றாள். கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"ரெஸ்பிரே." மூச்சை இழுத்தேன்.

"அகுவாந்தே." பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது வரவில்லை. மூச்சை விடச் சொல்வதற்கும் அதே 'ரெஸ்பிரே'தான். பயத்தில் அவளுக்கு அதுவும் மறந்துவிட்டது. காது அடைத்தது. சுவரில் பூச்சு உதிர்ந்த இடம் கறுத்துக்கொண்டே வந்தது.

"மாமா, விட்டுருங்க. செத்துக்கித்துப் போயிராதீங்க!"

நான் விடவில்லை. நானாக விட்டால், மறுபடியும் அவளுக்காக நான் தேறியதாகிவிடும்.

"ரெஸ்பிரே!" கதவுக்கு வெளியிலிருந்து கத்தினாள். விட்டேன்.

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூவரும் சிரித்தோம். அவள் சிரிப்பு மட்டும் பாதியில் அழுகையானது. "நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்களே," என்றாள்.

தேறினாள். அவள் குரலுக்கு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் எத்தனையோ பேர் மூச்சைப் பிடித்தார்கள், விட்டார்கள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. இருமல் நிற்கவில்லையென்று நேற்று என்னை அதே அறைக்கு அனுப்பினார்கள். சில்லிட்ட பலகையில் மார்பை ஒட்டி நின்றேன். பின்னால், தடுப்புக்கு அப்பால், ஓர் இளம் குரல்.

"ரெஸ்பிரே. அகுவாந்தே."

பிடித்தேன். இயந்திரம் முனகி ஓய்ந்தது.

"ரெஸ்பிரே," என்றது குரல். சற்று நேரம் கழித்து, கொஞ்சம் பதற்றமாக, மறுபடியும் சொன்னது.

பலகையின் பளபளப்பில் ஒரு வெள்ளைக் கோட்டு மங்கலாக அசைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. நான் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றேன்.