துவாய்க்குள் இருந்த கினி

"உன்ட கண்தான்கா பட்டிரிக்கி! வேற யார்ர கண்?" மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சுபைறா கத்தினாள்.

"என்ட கண்ணுக்கு அவ்வளவு சக்தி இரிந்தா முதல்ல உன்ட வாயத்தான் பாத்திருப்பன்," என்றாள் அந்தப் பக்கத்து முஸ்பிறா.

நான் எதிர்வீட்டு மாடிப்படியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு முற்றமும் தெரிகிற மாதிரி அந்தப் படியைக் கட்டியது மேசனின் பிழை, என் பிழையில்லை.

சண்டை கினிக்காக. புத்தகத்தில் அதற்குக் கினிப்பன்றி என்று பெயர். பின்பாதியை எங்கள் ஒழுங்கையில் யாரும் வாயால் சொல்வதில்லை, கினியோடு நிறுத்திக்கொள்வோம். சுபைறாவின் மகன் ஹிஷாம் கட்டாருக்குப் போகும்போது, "நான் வாறவரைக்கும் இதப் பாத்துக்கங்க உம்மா" என்று கூட்டோடு கையில் கொடுத்துவிட்டுப் போனான். புருஷனும் மௌத்தாகி மண்ணுக்குள் போன வீடு. கீரைக்கட்டு சரசரத்தால் கினி விசிலடிக்கும். அந்த வீட்டில் அவளைத் தவிர இருந்த ஒரே சத்தம் அதுதான்.

அதற்கு முடி கொட்டத் தொடங்கியது. முதலில் முதுகில் ஒரு வட்டம், பிறகு இரண்டு விலாவும். தோல் செதில் செதிலாக உரிந்தது. சுபைறா ஓதி ஊதினாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கங்குங் கீரையை நிறுத்திக் கரட் கொடுத்தாள். கடைசியில் மாட்டு டொக்டரிடம் கொண்டுபோனாள். அவர் மாட்டைப் பார்க்கிற தூரத்தில் நின்று பார்த்து, என்ன தின்னக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். வேறொன்றும் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது முஸ்பிறாவின் கண்தான்.

"பட்டு மாதிரி முடி எண்டு சொன்னாய்தானே? மாஷா அல்லாஹ் சொல்லாமச் சொன்னாய்!"

"சொன்னன்கா! உனக்குத்தான் காது அடைச்சிரிக்கி!"

அந்த நேரம் ஹிஷாமின் மிஸ்கோல் விழுந்தது. உம்மா ஆயத்தமாகட்டும் என்று அவன் முதலில் ஒரு மிஸ்கோல் தருவான், கொஞ்சம் பொறுத்து வீடியோ கோல் எடுப்பான். சுபைறா சண்டையை மதிலிலேயே வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். கினிக்குத் தண்ணீர் ஊற்றி, சவுக்காரம் போட்டு, அலசி, பேபி பவுடர் பூசி, முகம் மட்டும் தெரியத் துவாயால் சுற்றிக்கொண்டாள். இதை எத்தனையோ நாள் நான் படியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றியதில்லை. வெளிநாட்டுக் கோல் வருகிறதென்றால் எங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளையைத்தான் குளிப்பாட்டாமல் காட்டுகிறார்கள்?

"கினி நல்லா இரிக்கா உம்மா?" ஸ்பீக்கரில் ஹிஷாமின் குரல் என் படிவரை கேட்டது.

"ஓம் மகன். இந்தா பாரன்."

முஸ்பிறாவுக்குப் பொறுக்கவில்லை. "துவாய அவிழ்த்துக் காட்டுகா! பெத்த புள்ளைக்குப் பொய் சொல்லிட்டு என்ட கண்ணக் குறை சொல்றா!"

"முஸ்பிறா மாமியா அது? அவிழ்ங்க உம்மா."

அவிழ்த்தாள்.

"இது ஏன் உம்மா நனைஞ்சிரிக்கி?"

"குளிப்பாட்டினன் மகன். நீ பாக்கப்போறாயே."

"ஒவ்வொரு நாளுமா?"

"நீ ஒவ்வொரு நாளும்தானே எடுக்கிறாய்."

"அல்லாஹ்!" என்றான் அவன். இதைக் குளிப்பாட்டவே கூடாது, சவுக்காரம்தான் தோலைத் தின்றிருக்கிறது என்றான். சுபைறா கினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மௌத்தாயிடுமா மகன்?"

"இல்ல உம்மா. சும்மா விடுங்க, முடி தானா வரும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் முஸ்பிறா சிரிக்கத் தொடங்கினாள். "கொமினிகேஷனுக்கும் இவனை இப்படித்தானேகா கொண்டுவருவாய்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹிஷாம் சின்னவனாக இருந்தபோது இரண்டு பேரின் புருஷன்மாரும் சவுதியில். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளோடு மெயின் வீதியில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற கொமினிகேஷன் கடைக்குப் போவார்கள். எனக்குச் சவுதியில் ஆளில்லை, கதை கேட்கக் கூடவே போவேன். சுபைறா ஹிஷாமைக் குளிப்பாட்டி, வகிடெடுத்து, கழுத்துவரை பவுடர் அப்பிக் கொண்டுவருவாள்.

"போனுக்குள்ளால முகமா தெரியப்போகுது?" என்று கேட்டால், "வாசம் போகும்கா" என்பாள். ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாரும் நெருக்கி நிற்போம், வேர்வையும் பவுடருமாக. எனக்கு இன்றைக்கும் சவுதி என்றால் அந்த வாசம்தான்.

முடி முளைத்தது. முதலில் பூனைமயிர் மாதிரி, பிறகு பழையபடி. முஸ்பிறா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒழுங்கை முழுக்கக் கேட்க "மாஷா அல்லாஹ்" சொன்னாள்.

ஹிஷாம் கட்டாரிலிருந்து வந்து, நிந்தவூர் அம்ஹாவைக் கலியாணம் முடித்தான். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு கையில் சூட்கேஸ், மற்றக் கையில் கினிக் கூடு என்று போனான். முஸ்பிறா மகளோடு பொத்துவிலுக்குப் போய்விட்டாள். அவள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மதில் பக்கம் வருவதேயில்லை, படியில் நிற்கிற எனக்குத்தான் நட்டம்.

வெள்ளிக்கிழமைகளில் ஹிஷாம் வருவான். மற்ற நாள் நிந்தவூரிலிருந்து கோல்தான். கினி குளிக்காமல், தலையில் புல்லோடு போனுக்குள் வந்து நிற்கும். மிஸ்கோல் விழுந்ததும் சுபைறா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு வந்து உட்காருகிறாள்.