முதலாளியைச் சுமந்த சலவை மெஷின்

"சத்தியமா நான் தொடவே இல்லீங்க முதலாளி. மெஷின் தானாத்தான் நடந்துச்சு. வாளியைச் சுத்திக்கிட்டு, துணிக்கூடையை ஓரமா ஒதுக்கிட்டு, வாசல் வரைக்கும் போய்த் தெருவை எட்டிப் பார்த்துட்டு வந்துச்சு."

மெஷின்காரர் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சலவைக் கடை முழுக்கச் சோப்புத் தண்ணீர். சுவரிலிருந்து பிய்ந்த குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நடுக்கூடத்துச் சுவரோரம் மெஷின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

"அப்படியே ஒரு டீ குடிச்சிட்டு வரலையா?" என்றார் முதலாளி.

"கையில காசு இல்லையே, பாவம்" என்றாள் இஸ்திரி அக்கா, சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கதை விடாதய்யா. எதையோ தள்ளப் போய்க் குழாயை உடைச்சிட்ட. சாயங்காலம் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு."

மெஷின்காரர் கையிலிருந்த துணி பாதியில் நின்றது. அவருக்குத் தெரிந்த ஒரே மனுஷத் துணை அந்த மெஷின்தான். இந்த வயதில் வேறு எந்த மெஷின் அவரைச் சேர்த்துக்கொள்ளும்?

"அக்கா, நீயாச்சும் சொல்லேன்."

"நான் சாப்பிடப் போயிருந்தேனே அண்ணே. இருந்திருந்தா நானும் கூட நடந்திருப்பேன்."

அது லேசுப்பட்ட மெஷின் இல்லை. சுற்ற ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி தாளம் போடும். இஸ்திரிப் பெட்டி மேஜைமேல் தானே ஊர்ந்து பாதிச் சட்டையைத் தேய்த்து முடித்துவிடும். பக்கத்துத் தெருப் பூனைகள் குடும்பத்தோடு வீடு மாற்றிக்கொள்ளும். "இது குடிக்கிற கரண்டுல கொஞ்சந்தான் துணிக்குப் போவுது. மிச்சமெல்லாம் கத்துறதுக்கும் ஆடுறதுக்கும்" என்பாள் அக்கா. கனத்த போர்வையை மெஷின்காரர் ஒற்றையாகப் போடவே மாட்டார். ஒன்றுக்கு எதிரே இன்னொன்று வைத்துத்தான் சுற்றவிடுவார். இன்று காலை, வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்று, ஒற்றைப் போர்வையைப் போடச் சொன்னது முதலாளிதான்.

"ஒத்தைப் போர்வைன்னா ஒரு பக்கமாச் சாயுதுங்க, அதான்..."

"ரெண்டு போர்வைக்கு நடக்காத மெஷின் ஒண்ணுக்கு நடக்குதா? எவன்கிட்டய்யா சொல்ற?"

முதலாளி அதே ஈரப் போர்வையைத் தன் கையாலேயே உள்ளே திணித்தார். பிழிவதற்குத் தண்ணீர் வேண்டாமே. போதாததற்கு ஸ்டூல் போட்டு மெஷின்மேல் ஏறிச் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். அரிசி மூட்டையையும் அவரையும் பக்கத்தில் நிறுத்தினால் மூட்டை இளைத்துப்போனதாகத் தெரியும்.

"என்னையும் தூக்கிக்கிட்டு நடக்கட்டும், பார்ப்போம்."

"வேணாங்க முதலாளி, இறங்கிடுங்க."

"பொத்தானை அமுக்குய்யா!"

அமுக்கினார். முதலில் தேனீ மாதிரி ஒரு ரீங்காரம். முதலாளி சிரித்தார். ரீங்காரம் முனகலாகி, முனகல் உறுமலாயிற்று. முதலாளியின் இரண்டு கன்னங்களும் ஆளுக்கொரு திசையில் ஆடின. பையிலிருந்த பேனா வெளியே குதித்துத் தப்பித்தது. மெஷின் ஒரு துள்ளுத் துள்ளிப் பொத்தான் இருந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு தோளைக் குலுக்கி, இடுப்பை வளைத்து, சுவரை உரசிக்கொண்டே ஈரத்தரையில் கிளம்பிவிட்டது.

"நி-நி-நி-று-று-த்-து-து!"

"கை எட்டலைங்களே!"

"வழி விடுங்க, வழி விடுங்க, முதலாளி வர்றாரு!" என்று அக்கா வாசலைப் பார்த்துக் கூவினாள். தெருவில் போனவர்கள் நிஜமாகவே ஒதுங்கினார்கள். வாசற்படியில் ஒயர் விறைத்தது, பிளக் பிடுங்கிக்கொண்டது. திடீரென்று வந்த அமைதியில் காது வலித்தது.

மெஷின்காரர் முதலாளியைத் தாங்கி இறக்கி ஸ்டூலில் உட்கார வைத்தார். அக்கா தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். முதலாளியின் கை ஆடிய ஆட்டத்தில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"எனக்குக் கை நிக்கலய்யா. நீ பிடி."

மெஷின்காரர் தம்ளரை வாங்கி அவர் வாயருகே கொண்டுபோனார். அதுவும் முதலாளியின் பல்லில் டக்டக்கென்று தட்டியது. மீதித் தண்ணீரும் சட்டைக்கே போயிற்று.

"நீ எதுக்குய்யா ஆடுற? நீ மேல ஏறவே இல்லையே?"

"எனக்கு எப்பவுமே இப்படித்தாங்க. மெஷினை நிறுத்தினாலும் இது நிக்காது."

முதலாளி அக்காவைப் பார்த்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தன் கையையும் விரித்துக் காட்டினாள். விரல்கள் தனித்தனியாக நடுங்கின.

மூன்று பேர் கையும் கொஞ்ச நேரம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. முதலாளியின் கை மட்டும் மெல்ல மெல்ல அடங்கியது.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் முதலாளி, ஈரச் சட்டையைப் பிழிந்தபடி. "நடந்துச்சுய்யா. நடக்கத்தான் செஞ்சுச்சு."