கச்சிதம் அடுக்கிய மாத்திரைகள்

குடோனில் அவனுக்குப் பெயரே கச்சிதம்தான். எட்டுப் பெட்டிச் சரக்கை ஆறில் அடக்கிவிடுவான், இண்டு இடுக்கு விடமாட்டான். அந்தக் கைவரிசையை வீட்டிலும் காட்டினான். தையல்கடை நடத்தும் அம்மாவுக்கு எழுபது வயது. தினம் ஏழு மாத்திரை, நாலு வேளை. நாலு வேளை எதற்கு என்று எல்லாவற்றையும் மாத்திரைப் பெட்டியில் 'காலை' என்று போட்ட அறையிலேயே அடுக்கிவிட்டான். அம்மாவும் டீயோடு மடக்கென்று விழுங்கிவிடுவார். நம்ம ஆளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆறே மாதத்தில் அம்மா ஆளே மாறிப்போனார். மெஷின் மேலேயே தூங்கி விழுந்தார். தைராய்டு மாத்திரையின் அளவை டாக்டர் இரண்டு தடவை கூட்டியும் பலனில்லை.

"வயசாயிடுச்சுடா. வெள்ளிக்கிழமை கடையைக் காலி பண்ணிடலாம்" என்றார் அம்மா. கடைதான் அவருக்கு உயிர். இவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனவன், மாத்திரைப் பெட்டியையும் எடுத்து நீட்டினான். பாராட்டுக்கு ஏங்கும் மனசு, வேறென்ன!

"யாரு அடுக்குனது?" என்றார் மருந்துக்கடை அக்கா.

"நான்தான்க்கா! ஒரே வாய்ல வேலை முடிஞ்சிடும்."

"நல்லா முடிச்சே போ! கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராய்டு மருந்தை உடம்புல சேரவே விடாதுப்பா. அதை வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும் போடணும். இது ரெண்டும் நாலு மணி நேரம் கழிச்சுத்தான். இரு, அளவைப் பத்தி டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

கச்சிதம் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த நிமிஷமே துள்ளினான். அப்படியானால் அம்மாவைப் படுத்தியது வயசு இல்லை! பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஓடினான்.

"அம்மா! கடையைக் காலி பண்ணாதே! மாத்திரை போடுற நேரம்தான் தப்பாம். ரெண்டு மாசம் பொறு!"

தப்பு யாருடையது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இரண்டாவது மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் சரியான அளவு! கடைக்கு ஓடினான். உள்ளே மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க முடிவைப் படித்துக் காட்டி, அதே மூச்சில் உண்மையையும் கொட்டிவிட்டான்.

மெஷின் நின்றது. அம்மா எழுந்து வந்தார்.

"படுபாவி! என் கதை முடிஞ்சுதுன்னு ஆறு மாசமா அழுதுட்டு இருந்தேன். நீ இடத்தை மிச்சம் பிடிச்சியா?"

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். உயிர் போகிற வலி. இந்தக் கைதான் போன மாதம்வரை கத்தரிக்கோலைப் பிடிக்கத் தடுமாறியது.

"இன்னொண்ணு வைம்மா" என்றான், கண்ணீரும் சிரிப்புமாக.