பூச்சி வராத விளக்கு

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலம் சாலையில் பாரூக்கின் புரோட்டாக் கடைக்குப் பூச்சிகள் வந்துவிடும். டியூப்லைட்டைச் சுற்றிவிட்டுச் சால்னாவில் விழும். பெர்சிஸ் வடிவமைத்த விளக்கு அந்தப் பூச்சிகளை அண்டவிடாமல் செய்வதற்கானது.

பெங்களூரில் விளக்குகளையும் இன்டர்நெட் மோடங்களையும் வடிவமைப்பது அவள் வேலை. கம்பெனி இப்போது எல்லாவற்றையும் சீனாவிலிருந்து ரெடிமேடாக வாங்குகிறது. வடிவமைப்புப் பிரிவில் மிஞ்சியது அவளும் இந்த விளக்கும்தான். சோதனையில் தேறாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். சோதனைக்குக் குற்றாலத்தைக் கேட்டு வாங்கியவள் அவள்தான். தென்காசிக்காரி, இந்தப் பூச்சிகளை அவளுக்குத் தெரியும்.

மாலையில் டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டுத் தன் விளக்குகளை மாட்டினாள். தேன் நிற வெளிச்சம் பரவியது. சாரல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ஒரு பூச்சிகூட இல்லை.

“சொன்ன மாதிரியே வரலியே தங்கச்சி,” என்றார் பாரூக். அவள் அண்ணனோடு படித்தவர்.

வீடியோ எடுத்து மேலாளருக்கு அனுப்பினாள்.

அருவியில் குளித்தவர்கள் ஈரத்தலையோடு வரத் தொடங்கினார்கள். ஒரு வேன் கடைமுன் வேகம் குறைத்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“பாய், கடை உண்டா?”

“உண்டு, உண்டு. வாங்க.”

“அடைச்சிட்டியளோன்னு நெனச்சேன்.”

உள்ளிருந்து ஒரு பெண் ஏதோ சொன்னாள். வேன் அடுத்த கடைக்கு நகர்ந்தது. அங்கே வெள்ளை வெளிச்சம். பூச்சிகள் மொய்த்தன. இடக்கையால் இலையை மறைத்துக்கொண்டு ஆட்கள் சாப்பிட்டார்கள். இடமில்லாமல் சிலர் நின்றார்கள்.

புரோட்டா மாஸ்டர் தில்லைநாயகம் போட்டு வைத்ததைத் துணியால் மூடினார். “பூச்சியும் வரல, ஆளும் வரல. சும்மா கெடந்து உறங்கலாம் போல.”

“நீ சும்மா இருவே,” என்றார் பாரூக்.

“கொஞ்சம் பழகட்டும் பாய்,” என்றாள் பெர்சிஸ்.

“யாரு பழகுததுக்கு?” என்றார் பாரூக். “இன்னைக்குக் குளிச்சிட்டு இன்னைக்கே ஊருக்குப் போறவன். நம்மூரு கடைத்தெருன்னா பழகுவான்.”

அவள் விளக்கை அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையாக்கினால் பூச்சி வரும். இந்த நிறத்தில் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் சாலையிலிருந்து பார்ப்பவனுக்கு மூடிய கடைதான். பூச்சியை மட்டுமே யோசித்திருந்தாள்.

மேலாளர் அழைத்தார். விளக்கு அருமை என்றார். ஆட்கள் சாப்பிடுவதுபோல் ஒரு வீடியோ போதும், மேலிடத்தில் காட்டிவிடலாம் என்றார்.

பெர்சிஸ் காலிப் பெஞ்சுகளைப் பார்த்தாள். பாரூக்கையும் மாஸ்டரையும் உட்காரச் சொன்னால் உட்காருவார்கள்.

“இது எரிஞ்சா ஆள் வரல, சார்,” என்றாள்.

அப்படியானால் கம்பெனி லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பினால் போதும், அதற்காகப் பெங்களூருக்கு வர வேண்டாம் என்றார் அவர்.

பெஞ்சில் ஏறி டியூப்லைட்டுகளை அவளே மாட்டினாள். பூச்சிகள் வந்தன. பின்னாலேயே ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. மாஸ்டர் துணியை எடுத்தார்.

“ஒண்ணை மட்டும் வச்சிட்டுப் போ தங்கச்சி,” என்றார் பாரூக். “கை கழுவுத எடத்துக்கு ஆகும்.”

“எல்லாத்தையும் வச்சிக்கிடுங்க பாய்.”

“எல்லாத்தையும் வச்சி நான் என்ன செய்ய?”

அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.