பூஜையில் வைத்த ஸ்பேனர்

அசோகன் அண்ணன் செய்த டிரெய்லரைப் பார்த்துச் சிரிக்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. முதலில் சிரித்தது நான்தான். பழைய இரும்பு விற்கும் குஜிரிக் கடையில் எடைக்கு வாங்கிய பழைய கார் சீட்டு ஒன்று, அதற்குக் கீழே ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம், இரண்டு பக்கமும் ஸ்கூட்டர் சக்கரம், தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய். இதைத் தன் பைக்கின் வாலில் மாட்டிக்கொண்டு பெங்களூர் ஜோகுபாளையத்துச் சந்துக்குள் அவர் வந்து நின்றபோது, "இன்னாண்ணா, ஊர்வலமா? எந்தச் சாமிய ஏத்தப் போற?" என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுலயே கோவக்கார சாமி ஒண்ணு கீது இல்ல, அத்த" என்றார்.

அந்தச் சாமி அவருடைய அக்கா எல்லம்மா. எனக்கு எதிர் வீடு. மாநகராட்சியில் தெரு கூட்டிச் சம்பாதித்து, தாய் இல்லாத தம்பியை வளர்த்தவள். சர்க்கரை வியாதி அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதற்கும் பசி அடங்கவில்லை போலிருக்கிறது, இரண்டு கிட்னியையும் கேட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் இருக்கிற சென்டர் ஒன்றும் தொலைவில்லை. ஆனால் திரும்பி வரும்போது அவள் வாந்தி எடுப்பாள். ஒருமுறை ஏற்றிய ஆட்டோக்காரன் மறுமுறை அவளைக் கண்டால் வண்டியை நிறுத்த மாட்டான். தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள், தலை சுற்றி ஒரு நாள் ஏரிக்கரை ஓரமாகச் சரிந்து விழுந்தாள். மறுநாளே அண்ணன் இரும்பு அறுக்க ஆரம்பித்துவிட்டார். கோவிந்தப்பாவின் கிரில் பட்டறையில் வெல்டர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒரு பொம்பள கிட்ட திட்டு வாங்கறது போதும்" என்பார்.

முதல் டிரெய்லர் உருப்படவில்லை. மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்துவிட்டு, அடுத்ததாக என்னை உட்கார வைத்து அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தார். இறங்கியபோது என் பல்லெல்லாம் ஆடியது. அதைப் பிரித்துப் போட்டு, ஷாக் அப்சார்பர் வைத்து இரண்டாவதைச் செய்தார். அதில் ஏறிய எல்லம்மா அக்கா, சைலன்சர் புகையும் லாரிப் புழுதியும் மூஞ்சியில் அடிக்கிறது என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். அண்ணன் சீட்டைக் கழற்றி, பின்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பிப் பூட்டினார்.

"இனிமே உன் முதுகப் பாக்க வேணா, தப்பிச்சேன்" என்றாள் அக்கா.

"நானுந்தான்" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து அவள் ராணி மாதிரிதான் போனாள். பின்னால் ஹாரன் அடிக்கிற கார்க்காரனை நேருக்கு நேர் முகம் பார்த்துத் திட்டும் வசதி பெங்களூரிலேயே அவளுக்கு மட்டும்தான் இருந்தது. நான் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவள். எத்தனையோ தடவை டிராஃபிக்கில் அவளுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் திட்டுவாள்.

பைக்கையும் டிரெய்லரையும் சேர்த்தது ஒரே ஒரு போல்ட். பைக்கின் பின்னால் ஓர் இரும்புக் காது, டிரெய்லரின் நீளக் கம்பி நுனியில் இன்னொரு காது. இரண்டையும் ஒட்ட வைத்து போல்ட்டைச் செருகி நட்டை முறுக்க வேண்டும். பட்டறைக்கு வெறும் பைக்கில்தான் போவார் என்பதால் ஒவ்வொரு தடவையும் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தது. தானாகக் கழலாத நட்டுதான் அது. ஆனால் ஓயாமல் கழற்றி மாட்டியதில் அதன் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் வளையம் தேய்ந்துவிட்டது. அண்ணனுக்கு அது தெரியும். அதனால் புறப்படும்போதும், சென்டரிலிருந்து திரும்பும்போதும், குந்தி உட்கார்ந்து பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கி முறுக்குவார். பிறகு அதே ஸ்பேனரால் போல்ட்டின் தலையில் 'ணங்' என்று ஒரு தட்டு. அந்தச் சத்தம் கேட்டால்தான் அக்கா, "போடா" என்பாள்.

கோவிந்தப்பா இதைப் பார்த்துவிட்டு அவரைச் சும்மா விடவில்லை. "ஏனோ அசோகா, போல்ட்டு நுனில ஒரு ஓட்ட போட்டு பின்னு ஹாக்கோ. நட்டு ஓடிப் போனாலும் போல்ட்டு வுழாது" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"ஆயுத பூஜ முடியட்டும்ணா, போட்டுடறேன்" என்றார் அண்ணன். பட்டறையில் அதற்குள் பூஜைக்காக டிரில் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை டயாலிசிஸ் நாளில் வந்தது. பூஜைக்கு ஊரே லீவு விடும், கிட்னிக்கு யார் லீவு விடுவது? ஒரு நாள் தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். காலையிலேயே வந்துவிடுங்கள் என்று சென்டரில் சொல்லியிருந்தார்கள். அதனால் அக்கா விடியும் முன்பே எழுந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பூஜையை முடித்துவிட்டாள். நான் சுண்டல் கொடுக்கப் போனபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வாழை இலைமேல் வரிசையாக ஸ்பேனர்கள், சுத்தியல், கட்டிங் பிளேயர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஓரத்தில் அவள் வேலையிலிருந்து கொண்டுவந்த தெரு கூட்டும் துடைப்பம். அதற்கும் ஒரு பொட்டு.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை தீபம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. இது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பைக்கையும் டிரெய்லரையும் வாசலில் சேர்த்து நிறுத்திவிட்டு அண்ணன் உள்ளே வந்தார். ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார்.

"டேய், கை வெக்காத."

"ஒரு முறுக்கு முறுக்கிட்டு திருப்பி வெச்சிடறேங்கா."

"வருசம் பூரா உனக்குச் சோறு போடுதுடா அது. ஒரு நாளு ஓய்வு குடுக்க மாட்டியா?"

"நட்டு லூசாவறது உன் சாமிக்குத் தெரியுமா?"

"போன வருசமும் இப்டித்தான் பேசினே. வேணான்னு சொல்லச் சொல்ல சுத்தியலத் தூக்கினே. அந்த மாசமே என் காலு போச்சு" என்றாள் அக்கா.

அண்ணன் சாமி கும்பிடாதவர். திருநீறு பூசிப் பார்த்ததில்லை. வேறு யார் இப்படிச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார். ஆனால் இல்லாத காலை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறவளிடம் என்ன வழக்காடுவது? கையை எடுத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விஜி, உங்கிட்ட ஸ்பேனர் கீதா?"

என் வண்டியின் டூல்ஸ் பையும் என் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால்தான் இருந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே பதில்தான். அண்ணன் வெளியே போய், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு நட்டைக் கையாலேயே முறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. மேலே கட்டுக்கம்பியைச் சுற்றி விட்டார். பிறகு கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து போல்ட்டைத் தட்டினார்.

"போடா" என்றாள் அக்கா.

மூன்று பேருமாகச் சேர்ந்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அக்காவை ஏற்றிப் பெல்ட்டைப் போட்டதும், பழங்களை நசுக்கிக்கொண்டு போனார்கள்.

மதியம் ஆவதற்குள் பெங்களூரின் ரோடுகள் என்ன கதியாகும் என்று அன்றைக்கு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். கடைக்குக் கடை பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டி நடு ரோட்டில் போட்டு உடைப்பார்கள். தன் கடைக்குப் பட்ட கண் கழிந்தால் போதும், அதன்மேல் யார் வண்டி ஏறினால் இவர்களுக்கு என்ன? எடுத்துப் போட ஒரு ஆள் வர மாட்டான். மறுநாள் துடைப்பத்தோடு எல்லம்மா அக்கா மாதிரி ஒருத்திதான் வர வேண்டும்.

திரும்பி வரும் வழியில் கட்டுக்கம்பி அறுந்து, நட்டு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. சரிவில் இறங்கும்போது போல்ட்டும் நழுவியது. பிடி விட்ட கம்பி பைக்கின் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்த இடத்தில் ரோடு முழுக்கப் பூசணிக்காய். பைக் வழுக்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய் விழுந்தது. எதிரே ஒரு டெம்போ வந்துகொண்டிருந்தது. அண்ணன் செய்த டிரெய்லர் மட்டும், கம்பி ரோட்டில் உரசிக்கொண்டு போய், அக்காவுக்கு ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

அக்கா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போட்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்த மயக்கம் வேறு. அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"வண்டி ஒரு குலுக்கு குலுங்கி நின்னுச்சுடி. சிக்னல்னு நெனச்சேன். 'டேய், இன்னா நின்னுட்ட, தல சுத்துது, போடா'ன்னேன். பேசல. பின்னால வந்தவங்க வண்டிய அப்டி அப்டியே போட்டுட்டு என்னப் பாத்து ஓடியாந்தாங்க. எனக்கு ஒண்ணும் ஆவலப்பா, எதுக்கு ஓடியார்றீங்கன்னு கேட்டேன். எல்லாம் என்னத் தாண்டிப் போய்ட்டாங்கடி. ஒருத்தனும் நிக்கல. நான் அவனத் திட்டிக்கினே இருந்தேன்."

எனக்கு போன் வந்து நான் போய்ச் சேரும்வரை யாரும் அவளுடைய பெல்ட்டைக் கழற்றவில்லை. பூ விற்கிற ஒரு அம்மா மட்டும் பக்கத்தில் நின்று அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், திரும்ப விடாமல்.

பைக்கைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. டிரெய்லரை யாரும் கேட்கவில்லை. கோவிந்தப்பா ஒரு லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து அக்கா வீட்டுச் சுவரோரம் விட்டார். பூஜைக்குப் போட்ட சாமந்திப்பூ மாலை அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அண்ணனைக் கல்பள்ளிச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனோம்.

வீட்டில் பூஜை அப்படியே கிடந்தது. சாவு விழுந்த வீட்டில் யார் தீபம் காட்டி எடுப்பது? பொரியில் எறும்பு ஏறியது. வாழை இலை சுருண்டு காய்ந்தது. ஸ்பேனர்கள் பொட்டோடு படுத்திருந்தன. அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தினேன். "வேணா" என்றாள். அதற்கு அடுத்த நாள் காலை முகம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு வரவில்லை.

"யக்கா, கெளம்பு. செத்துடுவ."

"அவன் பதினாறு முடியட்டும்."

"பதினாறு வரிக்கும் நீ தாங்க மாட்ட."

"தாங்க வேணா. கட்டயில போற வயசு எனக்கா அவனுக்கா? நான்தான்டி அவன் கையத் தட்டி விட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள்மேல், பூசணிக்காய் உடைத்தவன்மேல், ஒரு துண்டு பின்னைப் போடாமல் தள்ளிப்போட்ட அண்ணன்மேல். இவளையும் கல்பள்ளிக்குக் கொண்டு போக என்னால் முடியாது. நான் அவளோடு மேற்கொண்டு வாயாடவில்லை. நேராகப் பூஜை இடத்துக்குப் போய், எறும்பைத் தட்டிவிட்டு, பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். காய்ந்த குங்குமம் கையில் ஒட்டியது.

கோவிந்தப்பாவைக் கூப்பிட்டேன். ஒரு கேள்வி கேட்காமல் என் பைக்கைப் பட்டறைக்குக் கொண்டு போய் அதன் பின்னால் ஓர் இரும்புக் காதை வெல்டிங் செய்து எடுத்து வந்தார். புது போல்ட், புது நட்டு. போல்ட் நுனியில் ஓட்டை போட்டிருந்தார். வாசலில் குந்தி உட்கார்ந்து, என் தோள் வலிக்கிறவரை நட்டை முறுக்கினேன். அவர் பின்னைச் செருகி அதன் இரண்டு நுனியையும் பிரித்து மடக்கினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு ஸ்பேனரால் போல்ட்டின் தலையில் 'ணங்' என்று தட்டினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருடி அது? பூஜையில கை வெச்சியா?"

"வெச்சேன். போறதுக்கு இன்னும் இன்னா கீது நம்ம கிட்ட?"

சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. மூச்சு இளைக்க வாசலுக்கு வந்தாள். நட்டைப் பார்த்தாள். பின்னைத் தொட்டுப் பார்த்தாள். என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, அதன் பொட்டை முந்தானையால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு அதை என்னிடமே நீட்டி, டிரெய்லரின் சீட்டைக் காட்டினாள்.

"இத்தக் கழட்டி, முன்னால பாத்து திருப்பிப் போடு."

"புகை மூஞ்சில அடிக்கும்கா."

"அடிக்கட்டும். எனக்கு முன்னால யாரு போறாங்கன்னு நான் பாக்கணும்."

கோவிந்தப்பாவும் நானும் சீட்டைத் திருப்பிப் பூட்டினோம். தூக்கி உட்கார வைத்துப் பெல்ட்டைப் போட்டேன். வழியில் எத்தனையோ பேர் ஹாரன் அடித்தார்கள், அவள் ஒருவரையும் திட்டவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவள் இருக்கிறாளா என்று நான் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள், "நான் பாத்துக்கினுதான் கீறேன். நீ ரோட்டப் பாரு" என்றாள்.