படி இல்லாத இடத்தில் சிவப்பு

உடற்குறையையும் புவியியலையும் சேர்த்து ஆராய்பவர்கள் ஊருக்கு ஒருவராய்ச் சிதறிக் கிடந்த 1996ஆம் ஆண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் சுமார் முப்பது பேர் மின்னஞ்சல் வழியே ஒரு குழுவாகி, முதல் கூட்டத்துக்குக் கட்டுரைகள் கேட்டார்கள். பினாங்கில் புவியியல் கற்பித்த கனகேஸ்வரி அதில் எப்படியாவது இடம்பெற விரும்பினார். அவருடைய துறையில் இதை ஆராய்ச்சி என்றே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஊரின் இந்தியர் கடைவீதியான லிட்டில் இந்தியாவின் வரைபடம் ஒன்றை அனுப்பினார். சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழி பச்சை. ஆகாத வழி சிவப்பு. நிறம் தீட்டியவர் ஷரீஃபா. போலியோவால் சக்கர நாற்காலியில் நடமாடுபவர், மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடையில் ரவிக்கை தைப்பவர்.

குழுவிடமிருந்து கேள்வி வந்தது: குயின் ஸ்திரீட் முனையில் சிவப்பு இருக்கிறதே, அங்கே படியின் உயரம் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

கனகேஸ்வரி அளவு நாடாவுடன் போனார். அங்கே படியே இல்லை. சமமான சிமெண்டுத் தரை. லாரிகள் சரக்கு இறக்கும் பக்கத்துச் சந்தோ பச்சையில் இருந்தது. நேரே துணிக்கடைக்கு நடந்தார்.

"நிறம் மாறிப்போச்சா ஷரீஃபா?"

"இல்லக்கா. சரியாத்தான் போட்டேன்."

"அங்க படியே இல்லையேம்மா."

"சாப்பாட்டுக் கடை இருக்குல்ல. நாலு அண்ணன்மாரு தே தாரிக் குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. என்னைப் பாத்தா கேக்காமலே நாற்காலியோட தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சிருவாங்க. எனக்கு வேலை இந்தப் பக்கந்தான்."

"லாரிச் சந்து மட்டும் பச்சையா?"

"லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான். தூக்க மாட்டான்லா."

"நல்ல மனுஷங்களைத் தடைன்னு எப்படிம்மா போடறது? மொத நாள் நான்கூட டிபார்ட்மெண்ட் வாசல்ல உன் நாற்காலியைத் தள்ளிட்டுப் போனேனே."

"ஆமா. அந்த வாசலையும் வரைபட ஓரத்துல சிவப்பாத்தான் போட்டேன். அப்புறம் பாவம்னு அழிச்சிட்டேன்."

வெள்ளிக்கிழமை கனகேஸ்வரி கணினி முன் உட்கார்ந்தார். பதினைந்து சென்டிமீட்டர் என்று எழுதினால் வரைபடம் ஏற்கப்படும்; ஷரீஃபா தீட்டியது பொய்யாகும். பூஜ்யம் என்று எழுதினால் பிழை என்று தள்ளிவிடக்கூடும். 'உயரம்: பூஜ்யம். சிவப்பு சரியே. காரணம்' என்று தட்டிவிட்டு நின்றார். அதற்கு மேல் ஓடவில்லை. துணிக்கடைக்குத் தொலைபேசியில் பேசினார்.

"காரணத்துக்கு என்ன எழுதறதுன்னு தெரியலம்மா. நீ சொன்னதை அப்படியே எழுதட்டுமா?"

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"இப்பதான் கேட்டுட்டுச் செய்றீங்க. எழுதிக்குங்கக்கா."

எழுதி அனுப்பினார். அந்த முப்பது பேரும் இதை ஆராய்ச்சி என்பார்களா என்பது அனுப்பிய பிறகும் அவருக்குப் பிடிபடவில்லை.